பெரிதாக ஒன்றும் நடக்காத கதையில் அகவிழிப்பு எங்கே வருகிறது?

முல்லைத்தீவில் உயர்தரம் படிப்பதாகச் சொல்லி, நியூசிலாந்து எழுத்தாளர் கதரின் மான்ஸ்ஃபீல்டின் ‘தோட்ட விருந்து’ (1922) கதையில் லோரா கடைசியில் என்ன உணர்கிறாள், குடும்பத்துக்கு அதில் என்ன பங்கு என்று கேட்டிருக்கிறீர்கள்.

வன்னியில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் கதை சட்டென்று பிடிபடும் என்று நினைக்கிறேன். எங்கள் ஒழுங்கையில் ஒரு செத்த வீடு என்றால் பக்கத்து வீட்டில் பாட்டுப் போடமாட்டார்கள். வசதியான வீட்டுப் பெண்ணான லோரா, தங்கள் தோட்டத்தில் விருந்து நடக்கவிருக்கும் நாளில் கேட்பதும் அதைத்தான்: கீழே சின்ன வீட்டில் வண்டிக்காரர் ஒருவர் இறந்து கிடக்கும்போது நாம் எப்படி விருந்து வைப்பது? சகோதரி ஜோஸ் மறுக்கிறாள். அம்மாவோ அதிகம் வாதாடவில்லை, தன் தொப்பியை எடுத்து மகள் தலையில் வைத்துவிடுகிறாள். கண்ணாடியில் தன் அழகைப் பார்த்ததும் லோராவின் கேள்வி மங்கிப்போகிறது. எனக்குக் கதையின் உயிரே இந்த இடம்தான். அதட்டியிருந்தால் எதிர்த்திருப்பாள், கொஞ்சியதால் கரைந்துவிட்டாள். வீடு பிள்ளையைத் தன் பக்கம் வைத்திருப்பது பெரும்பாலும் இப்படித்தான்.

அப்புறம் விருந்தில் மிஞ்சிய பலகாரங்களோடு அவளை அந்த வீட்டுக்கு அனுப்புகிறார்கள். இறந்தவரின் அமைதியான முகத்துக்கு முன்னால் அவள் தன் தொப்பிக்காக மன்னிப்புக் கேட்கிறாள். அம்மா தந்த தொப்பி அல்லவா? விழிப்பு அங்கேதான் இருக்கிறது. வெளியே வந்து சகோதரன் லோரியிடம் வாழ்க்கையைப் பற்றி ஏதோ சொல்லத் தொடங்கி, முடிக்க முடியாமல் நிற்கிறாள். அந்த வாக்கியத்தை விடைத்தாளில் நீங்கள் முடித்து வைக்க வேண்டாம்.