நாணல் நடுவே ஒரு காலை நடை

கேள்வி: திருச்சியிலிருந்து அம்மாவும் அப்பாவும் வந்திருக்கிறார்கள். இங்கே கேப் டவுனின் செஞ்சுரி சிட்டி பகுதியில் உள்ள இன்டாகா தீவுக்குக் கூட்டிப்போக ஆசை. ஆனால் தண்ணீரைச் சுத்தம் பண்ண மனிதர்கள் அமைத்த சதுப்புநிலம் என்றதும், "சாக்கடை நாறுமே" என்று அம்மா தயங்குகிறார். பையன் வாத்துக்கு ரொட்டி போட வேண்டும் என்கிறான். போகலாமா?
– ஒரு வாசகி, கேப் டவுன்

பதில்: தாராளமாகப் போங்கள். நான் போன எந்த நாளிலும் அங்கே நாற்றம் அடித்ததில்லை. மொத்தம் 16 ஹெக்டேர், ஏறக்குறைய 40 ஏக்கர். அதில் பாதி மழைக்கு நிரம்பும் இயற்கைப் பள்ளங்களும் ஃபின்போஸ் புதர்க்காடும், மீதிப் பாதிதான் செயற்கைச் சதுப்பு. கால்வாய்த் தண்ணீர் நாணலுக்குள் மெல்ல நகரும்போது வண்டல் அடியில் படிகிறது, நாணல் தண்டிலும் வேரிலும் ஒட்டி வாழும் பாக்டீரியாக்கள் அழுக்கைத் தின்கின்றன, மிச்சமிருக்கும் நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் நாணல் உறிஞ்சிக்கொள்கிறது.

ரொட்டி விஷயத்துக்கும் இதுதான் பதில். நாணல் பாடுபட்டு எடுக்கும் அதே சத்தைத்தான் ஊறிப்போன ரொட்டி திரும்பத் தண்ணீரில் கொட்டுகிறது, அப்புறம் பாசி பிடிக்கும், வாத்துக்கும் அது நல்ல தீனி இல்லை. பையனிடம் இதை அங்கேயே, நாணலைக் காட்டிச் சொல்லுங்கள், புரிந்துகொள்வான்.

அவனுக்குப் பார்க்க எவ்வளவோ இருக்கிறது! 'இன்டாகா' என்றால் தென்னாப்பிரிக்காவின் கோசா மொழியில் பறவை. பாம்புத்தாரா இறக்கையை விரித்துக் காயவைக்கும். நீர்க்காகம், கரண்டிவாயன், நீலத் தாழைக்கோழி, மீன்கொத்தி எல்லாம் உண்டு. சில நம் ஊர் இனமேதான், சில அதன் பங்காளிகள். வேடந்தாங்கல் பக்கம் போய்வந்தவர்கள் என்றால் உங்கள் அப்பா அம்மா நிறைய அடையாளம் கண்டுவிடுவார்கள், ஆகவே தமிழ்ப் பெயர்களைப் பையன் அவர்களிடமே கேட்டுக்கொள்ளட்டும். ஆகஸ்ட், செப்டம்பரில் போனால் தூக்கணாங்குருவி கூடு பின்னுவதைப் பார்க்கலாம். பின்னுவது ஆண், பெட்டைக்குப் பிடிக்காவிட்டால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

கோடையில் தென்கிழக்குக் காற்று பிற்பகலில் வலுக்கும், பெரியவர்களுக்குக் கஷ்டம், காலையிலேயே போய்விடுங்கள். பறவை பார்க்கும் மறைவுக்குடிலில் பேச்சைக் குறைத்துக் கால்மணி நேரம் உட்கார்ந்தாலே போதும், பறவைகள் கிட்டே வரும். புளியோதரை கட்டிக்கொண்டு போகிறீர்கள் என்றால் எங்கே உட்கார்ந்து சாப்பிடலாம் என்று வாசலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள், சிந்தியதையும் பொறுக்கிப் பையில் போட்டு வீட்டுக்கே கொண்டுவந்துவிடுங்கள்.