தேநீர்க் கறை பழமை ஆகாது

கேள்வி: 1500-ஆம் ஆண்டு வெனிஸ் நகர வரைபடத்தை 4 அடி அகலத்தில், கையால் வண்ணம் தீட்டி, பழுப்பேற்றித் தருவதாகச் சொல்கிறார்கள். வீட்டு ஹாலுக்கு வாங்கலாமா?

பதில்: வேண்டாம். அளவு, வண்ணம், பழுப்பு மூன்றுமே தவறு.

அவர்கள் சொல்வது இத்தாலிய ஓவியர் யாகோப்போ தே பார்பரியின் படம். ஆறு மரக்கட்டைகளில் செதுக்கி ஆறு தாள்களில் அச்சிட்டது. சேர்த்து ஒட்டினால் அகலம் ஏறத்தாழ 2.8 மீட்டர், அதாவது 9 அடிக்கு மேல். உயரம் 1.35 மீட்டர். அந்தக் கட்டைகள் இன்றும் வெனிஸின் கொர்ரேர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஜன்னல், புகைபோக்கி, படகு எல்லாவற்றையும் கோட்டாலேயே காட்டிய படம் அது. 4 அடிக்குச் சுருக்கினால் பாதி அளவுகூடத் தேறாது; நெருங்கிய கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கறுப்புத் திட்டாகிவிடும். அதன் மேல் வண்ணமும் ஏறினால் மிச்சமிருப்பதும் போயிற்று.

இந்தப் படத்தின் மேல்தான் ஆசை என்றால், கீழ்வரிசையின் நடுத் தாளை மட்டும் அசல் அளவில், கறுப்பு வெள்ளையில் வாங்குங்கள். ஏறத்தாழ 1 மீட்டருக்கு 66 சென்டிமீட்டர் இருக்கும். வாங்குமுன் சான் மார்க்கோ மணிக்கூண்டின் உச்சியைப் பாருங்கள். 1489-இல் மின்னல் தாக்கி அதன் கூம்பு எரிந்துபோனது. அதனால் முதல் பதிப்பில் தற்காலிகமாகப் போட்ட தட்டைக் கூரைதான் இருக்கிறது. கூம்பைத் திரும்பக் கட்டிய பிறகு கட்டையையும் திருத்தினார்கள், 1500 என்ற ஆண்டையும் எடுத்துவிட்டார்கள். முழுப் படத்தின் பிரதியில் கூம்பும் 1500-ம் சேர்ந்து நின்றால், வரைந்தவர் பதிப்புகளைக் கலந்துவிட்டார் என்று அர்த்தம்.

வண்ணம்தான் முக்கியம் என்றால் பிரவுன், ஹோகன்பெர்க் இருவரும் தொடங்கி, ஜெர்மனியின் கொலோனில் 1572 முதல் 1617 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த நகரப் படங்களுக்குப் போங்கள். செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்டவை. வண்ணம் இல்லாமலும் கிடைத்தன, கையால் தீட்டியும் கிடைத்தன. விரித்த தாள் அகலம் அரை மீட்டர் அளவுதான். சுருக்கவே வேண்டாம். முதல் தொகுதியில் வெனிஸும் உண்டு, நம் பக்கத்துக் கோழிக்கோடும் கண்ணூரும் உண்டு.

தீட்டுபவரிடம் இவற்றைக் கேளுங்கள். தாள் வழவழப்பான 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) பருத்தித் தாளா? சொரசொரத்த தாளில் மெல்லிய கோடு உடையும். கோடுகளைப் பிக்மென்ட் மையில், அதாவது நீரில் கரையாத நிறத்துகள் கொண்ட மையில் அச்சிட்டாரா? ஓரத்தில் ஈரத் தூரிகையை இழுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். சாம்பல் நிறம் கசிந்தால் அது நீரில் கரையும் டை மை, முதல் பூச்சிலேயே படம் அழுக்காகும். வண்ணம் ஒளி ஊடுருவும் வாட்டர்கலராகத்தான் இருக்க வேண்டும். போஸ்டர் கலரோ அக்ரிலிக்கோ தடிப்பாகப் போட்டால் செதுக்குக் கோடு மூழ்கிவிடும். நிழலை அந்தக் கோடுகளே காட்டுகின்றன. தீட்டுபவர் தனியாக நிழல் போடத் தேவையில்லை. முதலில் கடலும் வானமும், பிறகு வயல், பிறகு பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பில் கூரைகள், கடைசியில் ஓரத்து மனித உருவங்களின் உடைகள். பாதி காய்ந்த பூச்சின் மேல் நீரைத் தொட்டால், அந்த நீர் நிறத்தை ஓரத்துக்குத் தள்ளிக் காலிஃபிளவர் போலக் கறை விழும். கடல் பகுதியில் அடிக்கடி நேர்வது இது. பூச்சு முழுக்கக் காயும்வரை கை வைக்கக் கூடாது.

சிவப்புக்கு அலிசரின் கிரிம்சன் வேண்டாம், வெளிச்சத்தில் வெளிறும். டியூபில் பிவி 19 என்று போட்டிருக்கும் குவினாக்ரிடோன் நிறம் வெளிறாமல் நிற்கும். அந்தக் காலத்துப் பச்சை செப்புக் களிம்பிலிருந்து எடுத்தது. பல பழைய தாள்களில் அது காகிதத்தையே அரித்து, பின்பக்கம் பழுப்பாகத் தெரிகிறது. சில இடங்களில் தாள் விரிசலும் விட்டிருக்கிறது. "அசல் முறைப்படி" என்று யாராவது அதையே போட்டுத் தந்தால் மறுத்துவிடுங்கள்.

இனி அந்தப் பழுப்பு. பெரும்பாலும் தேநீர் அல்லது காபி டிகாக்‌ஷன். இரண்டும் அமிலத்தன்மை உள்ளவை. நாளாக ஆகக் காகிதத்தை நொறுங்க வைக்கும். நல்ல பருத்தித் தாளுக்குக் காசு கொடுத்துவிட்டு அதை நாமே கெடுப்பானேன்? நன்றாகப் பாதுகாத்த நானூறு வருடத் தாள்கள் பல இன்னமும் வெளிர் நிறத்தில்தான் இருக்கின்றன. புதுப் பிரதி புதிதாகவே தெரியட்டும். பின்பக்கம் பென்சிலால் தீட்டியவர் பெயரும் ஆண்டும் எழுதச் சொல்லுங்கள். பிற்பாடு அதை அசல் என்று விற்பது கடினமாகும்.

ஃப்ரேம் போடும்போது படத்துக்கும் கண்ணாடிக்கும் இடையில் அமிலமற்ற மவுண்ட் அட்டையால் 4 மில்லிமீட்டராவது இடைவெளி வேண்டும். இல்லையென்றால் மழைக்காலத்தில் தாள் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். பிரித்தால் வண்ணம் உரிந்து வரும். செலோடேப் கூடவே கூடாது. மேல் ஓரத்தில் மட்டும் ஜப்பானியத் தாள் கீற்றுகளைக் கோதுமை மாவுச்சத்துப் பசையால் ஒட்டித் தொங்கவிட வேண்டும். நான்கு பக்கமும் ஒட்டினால் ஈரத்தில் தாள் விரிய இடமின்றி அலை அலையாகப் புடைக்கும். குளியலறைச் சுவரின் மறுபக்கத்தில் மாட்டாதீர்கள். ஃப்ரேமின் கீழ் மூலைகளில் இரண்டு ரப்பர் பொத்தான் ஒட்டுங்கள். பின்னால் காற்றோடும், பூஞ்சை பிடிப்பது குறையும்.