உளவியல் சிகிச்சை பதின்வயதுப் பிள்ளைகளுக்கு எப்படி உதவுகிறது?

"பத்தாவது படிக்கிற பிள்ளை யாரிடமும் பேசுவதில்லை. வெறும் பேச்சு அதைச் சரி செய்துவிடுமா?" வண்ணாரப்பேட்டை, வியாசர்பாடிப் பக்கம் பெற்றோர் பலர் கேட்பது இது.

பயிற்சி பெற்ற ஒருவரோடு, பெரும்பாலும் வாரம் ஒருமுறை, முக்கால் மணி நேரம் போல உட்கார்ந்து மனதில் ஓடுவதை எடுத்து வைத்துப் பார்ப்பதுதான் உளவியல் சிகிச்சை. பதின்வயதில் உணர்ச்சிகள் சட்டென்று பொங்கும். நிதானிக்க வைக்கும் முன்மூளை முழுதாக முதிர 25 வயதை ஒட்டி ஆகிவிடும். அதனால்தான் "கணக்கில் ஃபெயில்" என்பது ஒரே ராத்திரியில் "நான் எதற்கும் லாயக்கில்லை" ஆகிவிடுகிறது. இந்த இரண்டுக்கும் நடுவே மனம் தாவிய இடத்தைப் பிள்ளையே கண்டுபிடிக்கப் பழக்குகிறார்கள். 1960களில் அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக் உருவாக்கிய சிகிச்சை முறையின் அடிப்படை இதுதான்.

நம் தெரு அடிபம்பை நினைத்துப் பாருங்கள். நாலு நாள் அடிக்காமல் விட்டால் முதல் குடத்தில் துருத் தண்ணீர்தான் வரும். அதற்காகக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடுவோமா? விடாமல் அடிப்போம், தெளியும். முதல் சில சந்திப்புகளில் பிள்ளை அழலாம், எரிந்து விழலாம், வாயே திறக்காமல் நகத்தைக் கடித்தபடி உட்கார்ந்திருக்கலாம். தயவுசெய்து அங்கேயே நிறுத்திவிடாதீர்கள்.

சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான 'டெலி மானஸ்' எண் 14416இல் எந்நேரமும் இலவசமாக, தமிழிலேயே பேசலாம். சாவைப் பற்றிப் பிள்ளை பேசினால் அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.

"மாத்திரை கொடுத்துத் தூங்க வைத்துவிடுவார்கள்" என்று பலர் பயப்படுகிறார்கள். உளவியல் சிகிச்சை என்பது பேச்சும் பயிற்சியும்தான், மருந்து வேண்டுமா என்பதை மனநல மருத்துவர் தனியாகப் பார்த்து முடிவு செய்வார்.