மோனோரயில் பாட்டும் ‘மியூசிக் மேன்’ நாடகமும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

‘தி சிம்சன்ஸ்’ கார்ட்டூன் தொடரில் மோனோரயில் (ஒற்றைத் தண்டவாள ரயில்) விற்க வருகிறவன் ஊர்க் கூட்டத்தில் பாடும் பாட்டு, ‘தி மியூசிக் மேன்’ என்ற பழைய இசை நாடகத்திலிருந்து எடுத்தது என்று நண்பர் சொன்னார். அந்த நாடகப் பாடல்களைத் தேடிக் கேட்டேன். அதே மெட்டு எதிலும் இல்லை. அப்படியானால் எதைத்தான் எடுத்தார்கள்?

ச.

அன்புள்ள ச.,

உங்கள் காது ஏமாறவில்லை. அவர்கள் எடுத்தது மெட்டை அல்ல. பேச்சையே பாட்டாக்கும் முறையையும், அதைப் பாடுகிற ஏமாற்றுக்காரனையும்தான். நீங்கள் தேடியது ‘யா காட் ட்ரபிள்’ என்ற பாடல். அதில் பெரும்பகுதி தாளத்தில் ஓடும் பேச்சு என்பதால் தனியாக முணுமுணுக்க மெட்டு அதிகம் கிடைக்காது. பெற்றோர்களை மிரட்டும் நீண்ட வசனம் ஒன்றை வெட்டிவிட நினைத்த நாடகாசிரியர் மெரிடித் வில்சன், அது பாட்டு வரிபோலவே ஒலிப்பதைக் கவனித்து அதைப் பாட்டாக்கினார். நாடகம் 1957 டிசம்பரில் நியூயார்க்கின் பிராட்வே அரங்கில் அரங்கேறி 1,375 முறை நடந்தது.

கதை 1912இல், அயோவா மாநிலத்தின் ரிவர் சிட்டி என்ற கற்பனை ஊரில் நடக்கிறது. பேண்டு வாத்தியமும் சீருடையும் விற்க வரும் ஹெரால்டு ஹில்லுக்கு இசையே தெரியாது. ஊரில் புதிதாக வந்த பூல் (பில்லியர்ட்ஸ் போன்ற ஆட்டம்) மேசையைக் காட்டி, பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்று முதலில் பயத்தை விற்கிறான், பிறகுதான் வாத்தியத்தை.

கோனன் ஓ’பிரையன் எழுதி 1993 ஜனவரியில் ஒளிபரப்பான சிம்சன்ஸ் அத்தியாயத்தில் பயத்துக்கு வேலையே இல்லை. அணுக்கழிவைப் பூங்காவில் கொட்டிய அணுமின் நிலைய முதலாளி பர்ன்ஸ் கட்டிய 30 லட்சம் டாலர் அபராதம் ஊர்க் கையில் இருக்கிறது. குண்டும் குழியுமான கடைவீதியைச் செப்பனிடலாம் என்கிறாள் சிம்சன் குடும்பத்துத் தாய் மார்ஜ். ஊரும் அதற்கு இசையும் நேரத்தில் பின்வரிசையிலிருந்து மோனோரயில் விற்க வந்த லைல் லான்லி சீழ்க்கை அடிக்கிறான். அவனுக்குக் குரல் கொடுத்தவர் பில் ஹார்ட்மன். ஒவ்வொருவராக எழுந்து சந்தேகம் கேட்க, கேட்ட சொல்லுக்கே எதுகை வைத்து அவன் பதில் சொல்லி அமர்த்திவிடுகிறான். கேள்வி கேட்டவனே அடுத்த வரியில் கோரஸில் சேர்ந்துகொள்கிறான். கூட்டம் மயங்குவதை இவ்வளவு துல்லியமாகக் காட்டிய வேறொரு கார்ட்டூன் காட்சியை நான் பார்த்ததில்லை.

இரண்டு கதைகளிலும் உண்மையைக் கண்டுபிடிப்பவள் ஒரு பெண் என்பதை அந்தப் பாட்டைவிட முக்கியமாக நினைக்கிறேன். தான் 1905இல் கேரி நகர இசைக் கல்லூரியில் படித்தவன் என்கிறான் ஹில். அந்த நகரமே 1906இல்தான் எழுந்தது என்பதை நூலகர் மரியன் ஒரு இதழில் கண்டுவிடுகிறாள். ஆனால், ‘ஸ’ ஒலி சரியாக வராததால் பேச வெட்கப்பட்டு வாயே திறக்காத தன் தம்பி, கையில் கார்னெட் என்ற ஊதுகுழல் வந்ததும் துள்ளிப் பேசுவதைப் பார்த்து, அந்தப் பக்கத்தைக் கிழித்துக்கொண்டு இதழை மட்டும் மேயரிடம் தருகிறாள். மார்ஜுக்கோ அப்படி எதுவும் வாய்க்கவில்லை. லான்லியின் குறிப்பேட்டில் அவன் பண மூட்டையோடு ஓடும் படத்தைப் பார்த்து, அவன் முன்பே ஏமாற்றிய நார்த் ஹேவர்புரூக் ஊருக்குத் தனியாகக் கார் ஓட்டிப் போகிறாள். காதலுக்காக ஹில் ஊரிலேயே நின்றுவிடுகிறான். லான்லி விமானம் ஏறுகிறான், அதுவும் வழியில் அதே நார்த் ஹேவர்புரூக்கில் இறங்க, மக்கள் அவனை விடுவதில்லை.

மெட்டைத் தேடிக் கேட்பவர் என்பதால் இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. ஹில் பாடும் ‘செவன்டி சிக்ஸ் டிராம்போன்ஸ்’, மரியன் பாடும் ‘குட்நைட் மை சம்ஒன்’ இரண்டுக்கும் மெட்டு ஒன்றுதான். ஒன்று அணிவகுப்பு நடை, மற்றொன்று மூன்று தட்டுக்கு ஆடும் வால்ட்ஸ் நடை. நாடகத்தின் பின்பகுதியில் அவன் பாட்டை அவளும் அவள் பாட்டை அவனும் மாற்றிப் பாடும் ஓர் இடம் வரும். 1962இல் வந்த திரைப்படத்திலும் அதைக் கேட்கலாம், அவசியம் கேளுங்கள்.