பீரங்கியைக் கொஞ்சம் நிறுத்துங்கள், தம்பி

கேள்வி: நான் கல்லூரி மாணவன். அடிமைமுறையை விடாமல் பிரிந்துபோன தெற்கு மாநிலங்களோடு வடக்கு மோதிய அமெரிக்க உள்நாட்டுப் போரை வைத்து ஒரு குறுநாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். நாயகனுக்கு 20 வயது. தெற்கோடு சேர்ந்த வர்ஜீனியா மாநிலத்துக்காரன், ஆனால் வடக்கின் கடற்படையில் என்சைன் என்ற இளநிலை அதிகாரி. 1861இல் கதை தொடங்குகிறது. பத்து அத்தியாயங்களில் ஏழில் பீரங்கிச் சண்டை. படித்த நண்பர்கள், "சண்டை நன்றாக இருக்கிறது, ஆள்தான் கண்ணுக்குத் தெரியவில்லை" என்கிறார்கள். அந்தக் காலத்து இளம் கடற்படை அதிகாரி உண்மையில் எப்படி வாழ்ந்தான்? கதையில் எதை மாற்றலாம்?

பதில்: தம்பி, நீங்கள் அனுப்பிய மூன்று அத்தியாயங்களையும் இரண்டு முறை படித்தேன். உங்கள் நண்பர்கள் சொன்னது சரிதான். உங்கள் நாயகன் எப்போதும் சுட்டுக்கொண்டே இருக்கிறான். அவன் எப்போது தூங்குகிறான், யாருடைய கடிதத்துக்குக் காத்திருக்கிறான், எதை நினைத்துப் பயப்படுகிறான் என்று எனக்குத் தெரியவே இல்லை.

முதலில் இரண்டு சின்னத் திருத்தங்கள். 1861இல் அவன் என்சைனாக இருக்க முடியாது. அமெரிக்கக் கடற்படையில் அந்தப் பதவியே 1862 ஜூலையில்தான் உண்டானது. 1861இல் அவன் மிட்ஷிப்மேன், கிட்டத்தட்ட மாணவன். அப்புறம், மூன்றாம் அத்தியாயத்தில் 1863இல் மாலுமிகளுக்கு அன்றாட மது அளந்து கொடுக்கிறீர்களே, அந்த வழக்கம் 1862 செப்டம்பர் 1ஆம் தேதியோடு நிறுத்தப்பட்டது. அதற்குப் பதிலாக நாளுக்கு 5 சென்ட் சம்பளத்தில் கூட்டிக் கொடுத்தார்கள். அந்தக் காட்சியை எடுத்துவிடுங்கள். அல்லது மது நின்றுபோன நாளையே காட்சியாக்குங்கள். முணுமுணுக்கும் வயதான மாலுமிகள் முன்னால் இருபது வயதுப் பையன் அதிகாரியாக நிற்கிறான். சண்டையே இல்லாமல் அங்கே ஒரு கதை இருக்கிறது.

இப்போது பெரிய விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் போரில் வடக்கின் கடற்படைக்கு முதன்மையான வேலை முற்றுகை, அதாவது தெற்கின் துறைமுகங்களுக்குள் கப்பல் எதுவும் போய்வராமல் தடுப்பது. 1861 ஏப்ரல் 19 அன்று அதிபர் லிங்கன் அதை அறிவித்தார். தெற்கின் கடற்கரை சுமார் 3,500 மைல் நீளம். கையில் இருந்ததோ ஏறத்தாழ 90 கப்பல்கள். அவற்றிலும் பாதிக்கு மேல் உடனே பயன்படும் நிலையில் இல்லை. போர் முடிவதற்குள் அந்த எண்ணிக்கை 600ஐத் தாண்டியது. இத்தனை கப்பல்களுக்கு அதிகாரிகள் வேண்டுமே! கடற்படைக் கல்லூரி மாணவர்களைப் படிப்பு முடியும் முன்பே கப்பலுக்கு அனுப்பினார்கள். வணிகக் கப்பல்களில் ஓடிப் பழகியவர்களையும் தற்காலிக அதிகாரிகளாகச் சேர்த்தார்கள். ஆகவே உங்கள் நாயகன் உட்காரும் சாப்பாட்டு மேசையில், அவனைவிட இருபது வயது மூத்த, அவனைவிடக் கடலை நன்றாக அறிந்த ஒருவர் அவனுக்குச் சமமான பதவியில், ஏன், கீழான பதவியில்கூட இருப்பார். கல்லூரிப் படிப்பு பெரிதா, உப்புக்காற்றில் பழகிய கை பெரிதா என்ற உரசல் அங்கே தினமும் இருக்கும். உங்கள் கதையில் அப்படி ஒரு ஆள்கூட இல்லை.

முற்றுகை என்றால் காத்திருப்பு. சார்ல்ஸ்டன், வில்மிங்டன், மோபீல் போன்ற துறைமுகங்களின் வாயில் மாதக்கணக்கில் நிற்க வேண்டும். பிற்காலத்தில் உலகப் புகழ்பெற்ற கடற்படைச் சிந்தனையாளரான மஹானும் அன்று இளம் அதிகாரியாக முற்றுகைப் பணியில் இருந்தவர்தான். தாங்க முடியாத அலுப்பு என்றே அவர் அதை நினைவுகூர்ந்தார். நான்கு மணி நேரம் காவல், அப்புறம் கொஞ்சம் தூக்கம், திரும்பவும் காவல். புதிய இறைச்சி, காய்கறி, பனிக்கட்டி, கடிதப்பை எல்லாம் கொண்டுவரும் நீராவிக் கப்பல் கண்ணில் பட்டால் அன்று திருவிழா.

ஆனால் அந்த அலுப்புக்குள்ளே பயமும் இருந்தது. அதைத்தான் நீங்கள் எழுத வேண்டும். முற்றுகையை மீறி வரும் கப்பல்கள் நிலா இல்லாத இரவுகளைத் தேர்ந்தெடுக்கும். உடல் முழுக்கச் சாம்பல் நிறம் பூசியிருக்கும். புகை அதிகம் வராத கெட்டி நிலக்கரியை எரிக்கும். உங்கள் நாயகன் விளக்கில்லாத தளத்தில் நிற்கிறான். கொதிகலனில் நீராவி தயாராக இருக்கிறது. தூரத்தில் ஒரு நிழல் நகர்கிறது. அது எதிரியா, நம் கப்பல்தானா? சுடச் சொன்னால் நண்பனைக் கொல்லலாம், சும்மா இருந்தால் எதிரி தப்பிவிடுவான். அப்போது இரவில் அடையாளம் காட்ட வண்ண ஒளியோடு எரியும் சுடர் ஒன்று பயன்பட்டது. மார்த்தா காஸ்டன் என்ற பெண்மணி உருவாக்கியது. சிவப்பு, வெள்ளை, பச்சை ஒளிகளின் வரிசையைப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். அந்தச் சில நொடிகளில் முடிவு இவன் கையில். என்னைக் கேட்டால், ஏழு பீரங்கி அத்தியாயங்களையும்விட இந்த ஒரு காவல் நேரம் கனமானது.

அந்த நிழல் சில இரவுகளில் ஒரு சின்னப் படகாகவும் இருக்கும். அடிமைத்தனத்திலிருந்து தப்பி வந்தவர்கள் அதில் இருப்பார்கள். 1862 மே 13 அன்று ராபர்ட் ஸ்மால்ஸ் சார்ல்ஸ்டனிலிருந்து பிளாண்டர் என்ற கப்பலையே தன் குடும்பத்தாருடனும் தோழர்களுடனும் ஓட்டிக்கொண்டு வந்தார். வெள்ளைத் துணியைக் கண்டதால்தான் முற்றுகைக் கப்பல் சுடாமல் நிறுத்தியது. போர்க்காலம் முழுக்கச் சேர்த்துப் பார்த்தால் ஏறத்தாழ 18,000 கறுப்பின மாலுமிகள் வடக்கின் கடற்படையில் பணியாற்றினார்கள். உங்கள் நாயகன் வர்ஜீனியாவில் வளர்ந்தவன். நேற்றுவரை தன் ஊரில் விற்கப்பட்ட மனிதர்களோடு இன்று ஒரே கப்பலில் வாழ்கிறான். நீங்கள் அனுப்பிய பக்கங்களில் ஒரு கறுப்பின முகம்கூட இல்லை, தம்பி. அவன் எதற்காக இந்தக் கொடியின் கீழ் நிற்கிறான் என்ற கேள்வியை அவர்களைத் தவிர்த்துவிட்டு எழுதவே முடியாது.

இனி, வர்ஜீனியா. உங்கள் கதையின் உயிர் அங்கேதான் இருக்கிறது. நீங்களோ அதை முதல் பக்கத்தில் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். ராப்லி எவன்ஸ் என்ற மாணவனின் கதையைக் கேளுங்கள். அவனும் வர்ஜீனியாவில் பிறந்தவன். அண்ணன் தம்பியில் ஒருவர் தெற்கின் படையில். மகன் வடக்கில் இருப்பதைத் தாங்க முடியாத அம்மா, அவனுக்குத் தெரியாமலே அவன் பெயரில் ராஜினாமாக் கடிதம் அனுப்பினார். அரசும் அதை ஏற்றுக்கொண்டது. அவன் போராடித்தான் திரும்பச் சேர்ந்தான். 1865 ஜனவரியில், வில்மிங்டன் துறைமுகத்தைக் காத்த ஃபிஷர் கோட்டையின் மீதான தாக்குதலில் நான்கு குண்டுக் காயங்கள். அப்போது அவனுக்கு வயது 18. காலை வெட்ட வந்த மருத்துவரிடம் துப்பாக்கியைக் காட்டித் தன் காலைக் காப்பாற்றிக்கொண்டான். குண்டுக் காயத்தைவிட அம்மாவின் அந்தக் கடிதம்தான் என்னை இன்னும் விடவில்லை.

இன்னொருவர் சாமுவேல் கிரீன். 22 வயதில் மானிட்டர் என்ற இரும்புக் கப்பலின் இரண்டாம் நிலை அதிகாரி. 1862 மார்ச் 9 அன்று ஹாம்ப்டன் ரோட்ஸ் என்ற நீர்ப்பரப்பில் வர்ஜீனியா என்ற தெற்கின் இரும்புக் கப்பலோடு நடந்த சண்டையில், சுழலும் பீரங்கிக் கோபுரத்துக்குள் நின்று சுட்டவர் அவர். கேப்டனின் கண்களில் காயம் பட்டதும் கப்பலே அவர் பொறுப்பில் வந்தது. சில நாள் கழித்து வீட்டுக்கு எழுதிய கடிதத்தில் ஒரு செய்தி வருகிறது. கடற்படைக் கல்லூரியில் தன்னோடு ஒரே அறையில் இருந்த நண்பன் அந்த எதிரிக் கப்பலில் இருந்தானாம். ஒருவரையொருவர் இப்படிப் பெரிய குண்டுகளால் சுட்டுக்கொள்வோம் என்று அன்று நினைத்ததே இல்லை என்கிறார். முந்தைய நாள் அதே வர்ஜீனியா கப்பல், காங்கிரஸ் என்ற வடக்கின் போர்க்கப்பலை அழித்தபோது, வர்ஜீனியாவின் தளபதி புக்கானனின் சொந்தச் சகோதரர் அந்தக் காங்கிரஸில் அதிகாரியாக இருந்தார்.

ஆகவே இப்படிச் செய்து பாருங்கள். கதையை 1861 ஏப்ரலில், அனாபொலிஸ் நகரின் கடற்படைக் கல்லூரியில் தொடங்குங்கள். கல்லூரியை வடக்கே ரோட் தீவின் நியூபோர்ட்டுக்கு மாற்றும் நேரம். தெற்கத்திய மாணவர்கள் சிலர் ஊருக்குக் கிளம்புகிறார்கள், சிலர் தங்குகிறார்கள். நாயகனின் அறைத்தோழன் கிளம்பட்டும். பெட்டி கட்டும் அந்தச் சாயங்காலத்தை அவசரப்படாமல் எழுதுங்கள். ஏழு சண்டைகளில் ஆறை எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் வில்மிங்டன் முன்னால் ஒரு முழுக் குளிர்காலத்தை வையுங்கள். கடிதப்பை வரும் நாட்களில் வீட்டிலிருந்து ஒன்றும் வராமல் இருக்கட்டும். மற்றவர்கள் தங்கள் கடிதங்களைச் சத்தமாகப் படிக்கும்போது அவன் எங்கே போய் நிற்பான் என்று யோசியுங்கள்.

மிச்சமிருக்கும் ஒரே சண்டையில், எதிரே வரும் கப்பலில் யார் இருக்கிறான் என்று அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். எழுதி முடித்ததும் அந்த அத்தியாயத்தை மட்டும் எனக்கு அனுப்புங்கள். காத்திருக்கிறேன்.