கட்டியவர்களும் ஓட்டியவர்களும்

அன்புள்ள ஐயா,

அமெரிக்க ரயில்பாதை முதலாளிகளைப் பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். நான் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். வேண்டர்பில்ட், ஸ்டான்ஃபோர்ட், ஜே கூல்டு எல்லோரையும் கொள்ளையர்கள் என்ற தொனியிலேயே எழுதியிருக்கிறீர்கள். சொந்தப் பணத்தைப் பணயம் வைத்து ஒரு கண்டத்தையே இணைத்தவர்கள் அல்லவா அவர்கள்? அந்தத் துணிச்சல் இல்லாமல் இன்றைய பெருநிறுவனம் பிறந்திருக்குமா? ஸ்டான்ஃபோர்ட் ஒரு பல்கலைக்கழகத்தையே நிறுவிச் சென்றார். அதையும் கணக்கில் சேர்க்க வேண்டாமா?

எஸ்., சேலம்

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடிதத்தில் இரண்டு விஷயங்கள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. ரயில்பாதை அதிபர்களின் செல்வம் ஒன்று. பெருநிறுவனம் என்கிற அமைப்பு இன்னொன்று. செல்வம் பெரும்பாலும் பாதை போடுவதிலும் பங்குகளைக் கைமாற்றுவதிலும் வந்தது. அமைப்பு, போட்ட பாதையில் தினமும் ரயில் ஓட்டியாக வேண்டிய கட்டாயத்தில் உருவானது. இவற்றைச் செய்தவர்கள் பெரும்பாலும் வேறு வேறு மனிதர்கள்.

முதலில் அந்தச் சொந்தப் பணம். கலிஃபோர்னியாவின் சாக்ரமென்டோவிலிருந்து கிழக்கே பாதை போட்ட சென்ட்ரல் பசிபிக் நிறுவனத்தை நடத்திய நால்வரும் அந்த ஊர் வணிகர்கள். ஹன்டிங்டனும் ஹாப்கின்ஸும் இரும்புச் சாமான் கடை வைத்திருந்தார்கள். ஸ்டான்ஃபோர்ட் மளிகை மொத்த வியாபாரி, க்ராக்கர் துணி வியாபாரி. அவர்கள் தொடக்கத்தில் ஓரளவு பணம் போட்டது உண்மை. ஆனால் கண்டத்தைக் கடக்கும் பாதை அந்தப் பணத்தில் போடப்படவில்லை. லிங்கன் 1862இல் கையெழுத்திட்ட சட்டப்படி, போட்டு முடித்த ஒவ்வொரு மைலுக்கும் அரசு கடன்பத்திரம் கொடுத்தது: சமவெளியில் 16,000 டாலர், இடைப்பட்ட மேட்டுநிலத்தில் 32,000, மலையில் 48,000. அதற்கு மேல் மைலுக்கு 10 சதுர மைல் நிலம். 1864இல் நிலம் இரட்டிப்பானது. அத்துடன் அரசு, கொடுத்த கடனுக்காகப் பாதையின்மீது தனக்கிருந்த அடமான உரிமையை இரண்டாம் இடத்துக்கு இறக்கிக்கொண்டது. முதல் உரிமை தனியார் கடன்பத்திரம் வாங்கியவர்களுக்குப் போயிற்று.

மைலுக்கு இவ்வளவு என்று கொடுத்தால் மைல் கூடத்தானே செய்யும்? சியரா நெவாடா மலை எங்கே தொடங்குகிறது என்ற கேள்வி எழுந்தபோது, மாநிலப் புவியியலாளர் விட்னி, சாக்ரமென்டோவுக்கு ஏழு மைல் தள்ளி உள்ள ஆர்கேட் ஓடையருகே என்று சொன்னார். கண்ணுக்கு எட்டிய வரை தட்டையான நிலம் அது. லிங்கன் அதை ஏற்றுக்கொண்டார். அங்கிருந்து மலை விலை கிடைத்தது. கிழக்கிலிருந்து வந்த யூனியன் பசிபிக்கும் சென்ட்ரல் பசிபிக்கும் எங்கே சந்திப்பது என்று சட்டத்தில் முடிவாகாததால், யூட்டாவில் இரு தரப்பு ஆட்களும் ஒருவரை ஒருவர் தாண்டிப்போய், இணையாக இரண்டு மண்பாதைகளைப் பல மைல்களுக்கு அமைத்தார்கள். 1869 மே 10 அன்று ப்ராமன்டரி என்ற இடத்தில் பாதைகள் இணைந்தன. அப்போது சடங்காக அடிக்கப்பட்ட தங்க ஆணி எல்லோருக்கும் நினைவிருக்கிறது, பயன்படாமல் போன அந்த மண்பாதைகள் யாருக்கும் நினைவில்லை.

லாபம் எங்கே எடுக்கப்பட்டது என்பதை நீங்கள் எளிதாகப் புரிந்துகொள்வீர்கள். ஊர்ப் பணத்தில் சத்திரம் கட்டும் குழுவினர் தங்கள் பினாமிக்கே ஒப்பந்தம் கொடுத்துக்கொள்வதைப் போன்ற ஏற்பாடு அது. யூனியன் பசிபிக்கின் இயக்குநர்கள் க்ரெடி மொபிலியே என்ற கட்டுமான நிறுவனத்தைக் கைக்குள் வைத்துக்கொண்டு, ரயில் நிறுவனத்தின் சார்பில் அதற்கு மிகையான தொகையில் ஒப்பந்தம் கொடுத்தார்கள். கட்டுமான நிறுவனம் லாபத்தைப் பிரித்துக்கொண்டது. ரயில் நிறுவனத்துக்குக் கடன் மிஞ்சியது. நாடாளுமன்ற உறுப்பினரான ஓக்ஸ் ஏம்ஸ், சந்தை மதிப்பைவிட மிகக் குறைந்த விலையில் அந்தக் கட்டுமான நிறுவனத்தின் பங்குகளைச் சக உறுப்பினர்களுக்கு வழங்கினார். 1872இல் ஒரு நியூயார்க் செய்தித்தாள் இதை வெளிக்கொண்டுவந்தது. சென்ட்ரல் பசிபிக்கின் நால்வரும் இதே முறையில் தங்கள் கட்டுமான நிறுவனத்தை நடத்தினார்கள். பின்னாளில் அரசு விசாரணைக்குழு கேட்டபோது அதன் கணக்குப் புத்தகங்கள் கிடைக்கவில்லை, அழிக்கப்பட்டுவிட்டிருந்தன. கணக்கு எழுதுகிற உங்களுக்கு இதற்கு மேல் நான் என்ன சொல்ல வேண்டும்?

பணயம் என்றீர்கள். மலையைக் குடைந்தவர்கள் ஆயிரக்கணக்கான சீனத் தொழிலாளர்கள். வெள்ளையர்களுக்குச் சமமான கூலியும் குறைந்த வேலை நேரமும் கேட்டு 1867 ஜூனில் அவர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, க்ராக்கர் உணவுப் பொருள் மேலே போவதை நிறுத்தினார். ஏறக்குறைய ஒரு வாரத்தில் நிறுத்தம் முடிந்தது. உயிரைப் பணயம் வைத்தவர்கள் இவர்கள்தான்.

வேண்டர்பில்ட்டை இந்த வரிசையில் நான் சேர்க்க மாட்டேன். நீராவிப் படகில் சம்பாதித்த பணத்தில், ஏற்கெனவே இருந்த பாதைகளை வாங்கிச் சீர்செய்து ஓட்டியவர் அவர். 1868இல் ஈரி ரயில்பாதையைப் பிடிக்க அவர் பங்கு வாங்க வாங்க, ஈரியின் இயக்குநர்களான கூல்டும் ட்ரூவும் ஃபிஸ்க்கும் புதிய பங்குகளை அச்சிட்டு அவருக்கே விற்றார்கள். கைதாகாமலிருக்க, ஆற்றைக் கடந்து நியூயார்க் மாநில எல்லைக்கு வெளியே உள்ள ஜெர்சி சிட்டிக்குப் போனார்கள். பிறகு நியூயார்க் சட்டமன்றத்தில் பணத்தை இறைத்து, செய்ததைச் சட்டபூர்வமாக்கிக்கொண்டார்கள்.

ஸ்டான்ஃபோர்டின் பல்கலைக்கழகம் நல்ல காரியம். பதினைந்து வயதில் டைஃபாய்டில் இறந்த ஒரே மகனின் நினைவாக அது எழுந்தது. அந்தத் துக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால் 1893இல் அவர் இறந்தபின், ரயில் நிறுவனத்துக்கு அரசு கொடுத்த கடனில் அவர் பங்கு என்று ஒன்றரைக் கோடி டாலருக்கு மேல் கேட்டு அரசு அவர் சொத்தின்மீது வழக்குப் போட்டது. 1896இல் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்யும்வரை பல்கலைக்கழகத்தை மூடாமல் காத்தவர் அவர் மனைவி ஜேன். நன்கொடையை வரவில் எழுதும்போது அந்தக் கடனையும் பக்கத்தில் எழுதுங்கள்.

இனி, பெருநிறுவனம். அதன் பிறப்பை நான் 1841இல் மாசசூசெட்ஸில் பார்க்கிறேன். ஒற்றைப் பாதையில் எதிரெதிரே வந்த இரண்டு ரயில்கள் மோதின. அதன்பிறகு அந்த ரயில்களை ஓட்டிய நிறுவனம் பாதையைக் கோட்டங்களாகப் பிரித்து, யார் யாருக்குக் கட்டளையிடுவது, யார் எதற்குப் பொறுப்பு என்று எழுதி வைத்தது. உரிமையாளர் தன் கண்ணால் பார்த்து நடத்தும் தொழில் அங்கே முடிவுக்கு வந்தது. ஈரி ரயில்பாதையின் கண்காணிப்பாளர் மக்காலம் 1855இல் இதைத் தெளிவாக எழுதினார்: ஐம்பது மைல் பாதையை ஒருவர் நேரில் கவனிக்கலாம், ஐந்நூறு மைல் பாதைக்கு முறை வேண்டும். தந்தி வழியாக அறிக்கைகளை வரவழைத்தார், அதிகாரப் படிநிலையை மரம்போல வரைபடமாக்கினார்.

நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவர் இன்னொருவர்: லூயிவில் அண்ட் நாஷ்வில் பாதையின் ஆல்பர்ட் ஃபிங்க். ஜெர்மனியில் பிறந்த பாலப் பொறியாளர். ஒரு டன் சரக்கை ஒரு மைல் கொண்டுபோக என்ன செலவு என்று கணக்கிட்டவர். போக்குவரத்து கூடினாலும் குறைந்தாலும் மாறாத செலவு எது, மாறும் செலவு எது என்று பிரித்தவர். நீங்கள் தினமும் செய்கிற வேலைக்கு அவர் ஒரு மூதாதை. அந்தப் பிரிப்பில்தான் அக்காலத்து அநீதியின் காரணமும் தெரிகிறது. மாறாத செலவு மிகுதி என்பதால், போட்டி வந்தால் எந்த விலைக்காவது சரக்கை ஏற்றுவது காலி வண்டியைவிட மேல். சிகாகோவுக்கும் நியூயார்க்குக்கும் இடையே பல பாதைகள், கட்டணம் சரிந்தது. ஒரே பாதை உள்ள ஊரின் விவசாயி குறைந்த தூரத்துக்கு அதிகக் கட்டணம் கொடுத்தார். எண்ணெய் அதிபர் ராக்ஃபெல்லர் போன்ற பெரிய வாடிக்கையாளருக்குக் கட்டணத்தில் ரகசியத் தள்ளுபடி கிடைத்தது. கட்டணப் போரை நிறுத்த நிறுவனங்கள் கூட்டுச் சேர்ந்தன. அந்தக் கூட்டை நடத்தும் பொறுப்பும் ஃபிங்க்கிடமே வந்தது. விவசாயிகள் அமைப்பாகத் திரண்டு போராடியதன் விளைவுதான் 1887ஆம் ஆண்டின் கட்டண ஒழுங்குமுறைச் சட்டம். நியாயமான கட்டணம் வேண்டும் என்றது, கூட்டுகளைத் தடைசெய்தது. 1893 பொருளாதார நெருக்கடியில் பல பாதைகள் திவாலானபோது மார்கன் போன்ற வங்கியாளர்கள் அவற்றை மறுசீரமைத்து இணைத்தார்கள்.

உருக்கு அதிபர் கார்னெகி பென்சில்வேனியா ரயில்பாதையில் சம்பளத்துக்கு வேலை பார்த்து, செலவுக் கணக்கைக் கற்றுக்கொண்டு உருக்குக்குப் போனவர். பெருநிறுவனத்தின் வழிமுறை ரயிலிலிருந்து மற்ற தொழில்களுக்குப் போனது இப்படித்தான், சம்பளக்காரர்களின் தலைகளில் ஏறி. ஃபிங்க் எழுதிய செலவு அறிக்கைகளைத் தேடி வாசியுங்கள். அந்த அட்டவணைகளை ஒரு கணக்காளர் எப்படிப் பார்க்கிறார் என்பதை எனக்கு எழுதுங்கள், அதை இங்கேயே வெளியிடுகிறேன்.