குவாரிக்குப் பக்கத்தில் மனை: அட்வான்ஸ் கொடுக்கும் முன்

அண்ணே, மேலூர் பக்கம் 5 சென்ட் மனை, அரை கிலோமீட்டர்ல கல்குவாரி, வாங்கலாமான்னு கேட்டிருக்கீங்க. அவசரப்பட்டு அட்வான்ஸ் கொடுத்துறாதீங்க. குடியிருப்பிலிருந்து 300 மீட்டருக்குள்ள கல்குவாரிக்குக் குத்தகை தரக்கூடாதுன்னு தமிழ்நாடு சிறுகனிம விதிகள், 1959 சொல்லுது. ஆனா அந்தக் கணக்குல வர்றது ஊர் நத்தம் (வருவாய்ப் பதிவேட்டுல குடியிருப்புன்னு இருக்கிற நிலம்), அங்கீகாரம் பெற்ற லேஅவுட் மாதிரி இடங்கள்தான். அப்ரூவல் இல்லாத மனையில வீடு கட்டினா அந்த விதியைக் காட்டிக் குவாரியைத் தடுக்கிறது கஷ்டம். கலெக்டர் ஆபீஸ் கனிமவளப் பிரிவுல குத்தகை சர்வே எண்களையும் கேளுங்க. குத்தகை நிலம் உங்க பக்கம் நீண்டிருந்தா, குழி உங்க பக்கமா நகரலாம்.

வெடி வைக்கிற நேரத்துல போய் அக்கம்பக்கத்து வீடுகளைப் பாருங்க. குவாரி பக்கத்துல இருக்கிற எங்க அத்தை வீட்டுல ஜன்னல் மூலையிலிருந்து விரல் நுழையிற விரிசல். முருங்கை இலையைத் தடவினா கையெல்லாம் வெள்ளைத் தூசி.